டாக்டர் ஐயா படித்த பாடம்

போன மாதம் என் மகள் உயர்தர வகுப்புக்கு உயிரியல் பிரிவைத் தெரிவு செய்தாள். கைப்பேசியில் எதையோ தட்டினாள். ஐந்து நிமிடத்தில், "அப்பா, முடிஞ்சிருச்சு" என்றாள். நான் தலையை ஆட்டினேன். எங்கள் வீட்டில் இதே வேலை முன்பு ஒரு தடவை நடந்தபோது நான்கு நாள் பிடித்தது. அதில் எனக்குக் கன்னத்தில் ஓர் அறையும் கிடைத்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். அக்கா சாதாரண தரப் பரீட்சையில், எங்கள் தோட்டப் பாடசாலையில் அதுவரை யாரும் வாங்காத பெறுபேற்றை வாங்கியிருந்தாள். டாக்டருக்குப் படிக்கப்போகிறேன் என்றாள். சுற்றுவட்டாரத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டுமே இருந்தது. கேகாலைப் பக்கம் ஒரு முஸ்லிம் பாடசாலையில் விஞ்ஞானத்தைத் தமிழிலேயே படிக்கலாம் என்று எங்கள் பாடசாலை அதிபர் விசாரித்து அறிந்து, அங்கிருந்து ஒரு விண்ணப்பப் படிவத்தையும் வரவழைத்துக் கொடுத்தார். ஒரே ஒரு படிவம். திங்கட்கிழமை அது அங்கே இருக்க வேண்டும். பிந்தினால் இடம் போய்விடும்.

எங்கள் தோட்டத்தில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. வெளியிலிருந்து வரும் எந்தக் கடதாசியையும் நாங்களே நிரப்புவதில்லை. கால்சட்டை போட்ட யாராவது ஒருவரிடம் கொண்டுபோய், நின்றுகொண்டே நிரப்பி வாங்கி வருவோம். அக்காவின் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். ஆனால் அக்கா, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளை. டாக்டராகப் போகிற பாடத்தை டாக்டரிடம் கேட்டு எழுதுவதுதான் முறை என்று அப்பா முடிவு செய்தார். எங்கள் தோட்டத்திலும் ஒரு டாக்டர் ஐயா இருந்தார்.

அவர் டிஸ்பென்சரியில் இருந்தார். சிங்களவர், ஆனால் எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். காய்ச்சலுக்குச் சிவப்புத் தண்ணீர், வயிற்றுவலிக்கு வெள்ளைத் தண்ணீர், பல்வலிக்குக் குறடு. எங்கள் லயத்தில் பாதிப் பிள்ளைகளின் தொப்புள்கொடி அவர் கண் முன்னால்தான் அறுக்கப்பட்டது.

வியாழக்கிழமை பின்னேரம் அப்பா ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழத்தையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு போனார். உடைந்த பால் சிரட்டையை மிதித்துக் காலை வெட்டிக்கொண்டிருந்ததால் நானும் நொண்டிக்கொண்டு கூடப் போனேன்.

"என்ன பாடம் போடணும்?" என்று கேட்டார் டாக்டர் ஐயா.

"ஐயா படிச்ச பாடத்தையே போட்டுருங்க. எம்புள்ளையும் ஐயா மாதிரியே வரணும்" என்றார் அப்பா.

டாக்டர் ஐயா பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். அப்பா இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி மூடியைக் கழற்றி, இங்கிலீசில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, "கொண்டு போ" என்றார். அந்த எழுத்தின் அழகைப் பார்த்துக்கொண்டே அப்பா வீடு வரை நடந்தார்.

அக்கா வாங்கிப் படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா, இது கணக்குப் பிரிவு. இதப் படிச்சா இஞ்ஜினியராத்தான் போகலாம். டாக்டருக்கு உயிரியல் இருக்கணும்."

"ஒனக்குத் தெரியுமா, டாக்டருக்குத் தெரியுமா?"

"புஸ்தகத்துலயே போட்டிருக்குப்பா."

"அவரு படிச்ச பாடத்தத்தான் எழுதியிருக்காரு. அவரு ஆகலயா டாக்டரு?"

அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. "இந்தப் புள்ள சோத்தத் தொடலங்க" என்றாள் அம்மா. "பசிச்சா திங்கும்" என்றார் அப்பா. ஆனால் அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை கட்டு மாற்ற நான் தனியாக டிஸ்பென்சரிக்குப் போனேன். நான் வாய் திறக்காத பிள்ளை. யார் எதைக் கேட்டாலும் காலின் பெருவிரலைப் பார்ப்பேன். இன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான். டாக்டர் ஐயா பழைய துணியைப் பிரித்துக்கொண்டே, "அக்காவுக்கு சந்தோசமா?" என்று கேட்டார். நான் பெருவிரலைப் பார்த்தேன். பிறகு அவர் மருந்தை ஊற்றினார். அந்த எரிச்சலில்தான் அது வெளியே வந்தது.

"அக்கா அழுவுது. டாக்டருக்கு என்னா படிக்கணும்னே ஒங்களுக்குத் தெரியலையாம்."

அவர் கட்டை வழக்கத்தைவிட மெதுவாகக் கட்டினார்.

அன்று பின்னேரம் வெட்டிய பாலை எடை போட்டு முடிந்து எல்லோரும் லயத்துக்குத் திரும்பியிருந்த நேரம், டாக்டர் ஐயா எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றார். அவர் லயத்துக்கு வருவது இரண்டு காரியங்களுக்கு மட்டும்தான்: ஒன்று பிறப்பு, மற்றது இறப்பு. எங்கள் வீட்டில் பிள்ளை பெறும் நிலையில் யாரும் இல்லை. ஆகவே அடுத்த காம்பராவிலிருந்த மாமி, "ஐயோ, காலையில கூட நல்லாத்தானே இருந்துச்சு!" என்று யார் என்று தெரியாமலே அழத் தொடங்கினாள். பத்தே நிமிடத்தில் லயமே எங்கள் வாசலில் இருந்தது.

அப்பாவின் கண் என் மீது விழுந்தது. "என்னாடா சொன்ன அவருகிட்ட?" நான் பெருவிரலைப் பார்த்தேன். அறை விழுந்தது.

"அடிக்காதீங்க" என்றார் டாக்டர் ஐயா. "அவன் சொன்னதாலதான் வந்தேன். அந்த ஃபாரத்தக் கொண்டாங்க."

வியாழக்கிழமை அப்பாவை 'நீ' என்று பேசியவர் சனிக்கிழமை 'நீங்க' என்கிறார் என்பதை நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கவனித்தேன்.

அம்மா எங்கள் ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கலாம். வாசலிலேயே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் டாக்டர் இல்ல. மருந்து குடுக்கிற ஆளு. டாக்டருக்கு யுனிவர்சிட்டி கெம்பஸ் போகணும், நான் போகல. நான் படிச்சது கணக்கு. அதுலயும் ரெண்டு தரம் ஃபெயில். அதுக்குப் பொறகுதான் இந்த வேலைக்குப் பழகினேன். டாக்டராக பயோ படிக்கணும். இந்தத் தங்கச்சி சொல்றது சரி."

கடைசி காம்பராக் கிழவர் கேட்டார்: "அப்ப எம்பல்லப் புடுங்குனது யாருங்க?"

"நான்தான். பல்லுப் புடுங்க பயோ தேவையில்ல."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு எங்கள் கதிரையின் மேல் படிவத்தை வைத்து, தான் எழுதியதைக் குறுக்கே ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் புதிதாக எழுதி, அதன்கீழே கையெழுத்தும் போட்டார். அக்காவிடம் நீட்டி, "வாசிச்சுப் பாருங்க, சரியா?" என்றார். அக்கா தலையை மட்டும் அசைத்தாள். அம்மா பாலில்லாத சாயத்தண்ணி கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அப்பா முதல் பஸ்ஸில் படிவத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அக்காவுக்கு இடம் கிடைத்தது. உயர்தரப் பரீட்சையில் முதல் தடவை புள்ளி போதவில்லை. இரண்டாம் தடவை போதுமானதாக இருந்தது. இன்று அவள் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. ஆனாலும் அக்கா விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்து போட்ட பழைய பத்திரிகைகளைப் படித்துப் படித்துத்தான், இப்போது இதை எழுதும் அளவுக்காவது வந்திருக்கிறேன். அதற்கும் சேர்த்தே அந்த மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்த வயதில் அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு தோட்டத்தில் அவருடைய பெயர் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. 'டாக்டர் ஐயா' போய் 'மருந்து மாத்தியா' வந்தது; மாத்தியா என்றால் சிங்களத்தில் ஐயாதான், போனது டாக்டர் மட்டும். சிலர் பல் பிடுங்கக்கூட டவுனுக்கு பஸ் ஏறினார்கள். அப்பா மட்டும் சாகும்வரை அவரை டாக்டர் ஐயா என்றே சொன்னார். யாராவது திருத்தினால் அவருக்குக் கோபம் வரும். அப்பாவுக்கு விசயம் இன்னும் விளங்கவில்லை என்றுதான் நான் அப்போது எண்ணிக்கொண்டேன்.

அக்காவைப் புதுப் பாடசாலைக்கு பஸ் ஏற்றிவிட்டு வந்த அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். டிஸ்பென்சரி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒவ்வொருவரும் அந்தப் புதுப் பெயரைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது நானும், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூச்சமில்லாமல், சத்தமாக, "மருந்து மாத்தியா!" என்றேன்.

சிவப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்த அவர் கை பாதியில் நின்றது. பிறகு போத்தலை நிரப்பித் தக்கையை அடைத்து என்னிடம் நீட்டி, "என்ன மகன், வாயெல்லாம் தொறக்குது?" என்று சிரித்தார்.

பெயர் அவருக்கும் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் சந்தோசமாக வீட்டுக்கு ஓடினேன்.