உப்பு போட்ட குளத்துத் தண்ணீர்

மரக்காணத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை. குடிக்கத்தான் நல்ல தண்ணீர் கிடையாது. வீட்டுக்கும் சரி, வேலை செய்த உப்பளத்துக்கும் சரி, அம்மா ஊர்க்குளத்தில்தான் மொண்டு வருவாள். குளத்தை ஒட்டித் தர்பூசணித் தோட்டங்கள். ஒரு வருஷம் பூச்சிமருந்து அடித்த மறுநாளே கோடைமழை கொட்ட, குளத்து மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. "மழைத்தண்ணி சேராம செத்திருக்கும், போம்மா" என்றார்கள் தோட்டக்காரர்கள். அம்மாவையா போகச் சொல்வது! என் தம்பி அப்போது நடை பழகாத குழந்தை. அவன் கஞ்சிக்கு மட்டும் அந்தத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தாள். உண்மையைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினாள்.

டவுனில் தண்ணீரைப் பரிசோதிக்கும் இடம் இருந்தது. அங்கிருந்த சார் போனில், "தண்ணி கெட்டுப் போவாம எடுத்துட்டு வாங்கம்மா" என்றார். கெட்டுப் போகாமல் இருக்க எங்கள் ஊரில் என்ன செய்வார்கள்? மீனோ மாங்காயோ, எதுவானாலும் உப்புதான். நல்ல உப்பாகப் பார்த்து அள்ளி, பாட்டிலில் போட்டுக் குலுக்கி எடுத்துப் போனாள்.

"ஏம்மா, கடல் தண்ணியவா கொண்டாந்தீங்க?" என்று சார் சிரித்தாராம். "உப்பு போட்டா கெட்டுப் போவும்னு இன்னிக்குத்தான் கேள்விப்படறேன்" என்று வீட்டுக்கு வந்தும் அம்மா பொருமிக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் கொடுத்த பழுப்புக் கண்ணாடி பாட்டிலைப் பத்திரமாக வைத்திருந்தாள். இந்த முறை ஐஸில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

கடற்கரையில் மீன்காரர்களிடம் ஐஸ் வாங்கி, குளத்தில் மொண்ட பாட்டிலை அதில் புதைத்துக் கூடையில் வைத்தாள். நானும் கூடப் போனேன். பஸ்ஸில் கூடை சொட்டியது, நாறியது.

"மீன்கூடைய பின்னாடி கொண்டு போம்மா" என்றார் கண்டக்டர்.

"மீன் இல்லங்க, தண்ணி" என்றாள் அம்மா. மடியிலிருந்து கூடையை இறக்கவே இல்லை. நான்தான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து சாரே ஜீப்பில் வந்தார். தண்ணீரில் பூச்சிமருந்து இருந்தது. யாரும் குடிக்கக் கூடாது என்று குளக்கரையில் சிவப்புப் பலகை நட்டார்கள். இனி டேங்கர் லாரி வருமாம். மருந்து அடிக்கும் பருவந்தோறும் குளத்தை அவர்களே வந்து சோதிப்பார்களாம். பிள்ளைகள் நாங்கள் குதித்தோம். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"காய்ச்சிக் குடுத்தா ஒண்ணும் பண்ணாதில்ல சார்?"

"காய்ச்சினா கிருமிதாம்மா சாவும். மருந்து போவாது."

அன்று மாலை தம்பியை மடியில் போட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டே அழுதாள். நாம்தானே ஜெயித்தோம், இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் விடிந்ததும் பக்கத்து ஊர்க் குளத்துக்கு இன்னொரு பாட்டிலோடு புறப்பட்டாள். அந்த ஊரில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள்கூட இல்லையே, இவளுக்கென்ன வந்தது என்று நினைத்தேன். அங்கேயும் யாராவது ஒருத்தி கைக்குழந்தைக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.