அக்கா நீக்கிய காலி வரிசைகள்

என் அக்கா பிரமிளா மலேசியாவில், பினாங்குப் பக்கம் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் டேட்டா பார்க்கிறவள். மெஷின்கள் துப்பும் எண்களை அட்டவணையாக்கிக் கணினியில் கோட்டுப் படம் போடுவாள். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். எனக்கே, அவள் கணினிக்கு வரிசையாக எழுதும் கட்டளைகளான 'பைப்' புரியும்படி சொல்லியிருக்கிறாள்.

"ஒரு வேலை முடிஞ்சதும் அட்டவணை தானா அடுத்த வேலைக்குப் போயிரும்டா. மொதல்ல வேணுங்கிற பத்திய எடு. அப்புறம் எண்ணே இல்லாத காலி வரிசையத் தூக்கிப் போடு. அப்புறம் படம் போடு."

"நம்ம சுங்கை பினாங் ஃப்ளாட்டு பைப்பு மாதிரியா? பாதியிலயே நின்னுருமே!"

"வாய மூடு லா."

அப்பா திருநாவுக்கரசுக்கு ரத்தக் கொதிப்பு. ஏறினால் உடனே வரச்சொல்லியிருந்தார் டாக்டர். காலையில் கையில் பட்டை கட்டி அளந்து, அக்கா போனில் வைத்துக் கொடுத்த அட்டவணையில் அப்பாவே எண்ணைத் தட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அக்கா அதைப் பைப்பில் விட்டுப் படம் எடுப்பாள். கோடு அழகாக இறங்கியது. அப்பா அதைக் கோப்பிக்கடை முழுக்கக் காட்டினார்.

"கிளினிக் எதுக்கு? எம்மவ கோடு போட்டுட்டா!"

கோடு அப்படி இறங்கிக்கொண்டிருந்தபோதே ஒரு நாள் காலை அப்பா குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். கண் திறக்கவே இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அக்கா கணினியைத் திறந்தாள். பைப்பின் நடுவில் காலி வரிசைகளைத் தூக்கும் வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். கோடு துண்டு துண்டாக வந்தது. கடைசி வாரங்களில் ஓட்டைதான் அதிகம்.

அம்மா பின்னால் நின்று பார்த்தாள். "ஓட்டையா இருக்கிற நாளெல்லாம் தல சுத்துதுன்னு படுத்துக்கிட்டாரும்மா. பிரஷர் மெஷினத் தொடவே இல்ல. வெயிலுன்னாரு."

அக்கா திரையில் ஓட்டைகளை விரலால் எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஃபேக்டரில காலின்னா சென்சர் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்டா. தூக்கிருவோம். அதே கைப்பழக்கத்துல இங்கயும் தூக்கிட்டேன்... இந்த ஓட்டையெல்லாம் அப்பா பாத்திருந்தா கிளினிக்குக்குப் போயிருப்பாருல்ல?"

"அவரா? அடிச்சு இழுத்துட்டுப் போனாலும் போயிருக்க மாட்டாரு லா."

வாழ்க்கையில் நான் விட்ட புளுகுகளிலேயே முகம் மாறாமல் சொன்னது இது ஒன்றுதான்.

"பொய் சொல்லாதடா தம்பி," என்று அவள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.