முருகேசன் படித்த முதல் தாள்

போன வாரம் என் சித்தி மகன் முருகேசன் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு தாளைப் படித்துவிட்டான். அதன் பலனை இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறான்!

கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிறவன். ஆலைப் பதிவு, வெட்டு உத்தரவு, சொசைட்டி லோன்... எதை நீட்டினாலும் பைக் சீட்டில் வைத்து, "எங்க சார் கையெழுத்துப் போடணும்?" என்று மட்டும் கேட்பான். போட்டுவிடுவான்.

மூன்று மாதம் முன்பு அவன் மனைவி ஜெயந்திக்கு ஒன்பதாம் மாதம். இரண்டாவது குழந்தை. செக்கப்புக்கு நானும் போயிருந்தேன். அரசு மருத்துவமனை நர்ஸ் ஒரு தாளை நீட்டினார். பிரசவம் ஆனதும் காப்பர்-டி வைத்துவிடுவார்களாம், கருத்தடைக்கு. "எல்லாருக்கும் வைக்கிறதுதான். கவர்மென்ட் ஆர்டர்."

முருகேசன் பேனாவைத் திறந்துவிட்டான். நான் மட்டும் லேசுப்பட்டவளா? "போடு, நல்லதுக்குத்தானே சொல்றாங்க" என்றேன்.

ஜெயந்தி தாளின் மேல் கையை வைத்தாள்.

"இரு மாமா. ஒடம்பு என்னுது. நீ இன்னாத்துக்குப் போட்டுக்கினு இருக்க?" பிறகு நர்ஸிடம், "கோச்சிக்காதீங்க சிஸ்டர். எனக்கு மாசத் தீட்டு ஜாஸ்தி, ரத்தம் கம்மி. இதை வச்சா இன்னும் ஜாஸ்தியாவுமா? வேணாம்னா எடுத்துக்கலாமா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. கத்தரிக்காயையே திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறோம். உடம்புக்குள் வைக்கிற பொருளைப் பற்றிக் கேட்கக் கூடாதா?

நர்ஸ் முகம் சுருங்கியது. வெளியே அத்தனை கூட்டம், மேலிடத்து நெருக்கடி வேறு — அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், மகராசி! "கட்டாயம்லாம் இல்லம்மா. சீக்கிரம் வேலை முடியட்டும்னு நாங்கதான் அப்படிச் சொல்லிடறோம்." சிலருக்குத் தீட்டு கூடலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், வேறு வழிகளும் உண்டு... பொறுமையாகச் சொன்னார்.

"அப்ப யோசிச்சிட்டுச் சொல்றேங்க" என்றாள் ஜெயந்தி.

பெண் குழந்தை பிறந்தது. காப்பர்-டி வைக்கவில்லை. அரசாங்கத் திட்டம் தோற்றுவிட்டதா? அதுதான் இல்லை. போன வாரம் அவளாகவே கிளம்பினாள்; முருகேசனும் நானும் கூடப் போனோம். ரத்தமும் ஏறியிருந்தது, டாக்டர் பார்த்துவிட்டு, வைக்கலாம் என்றார். அதே நர்ஸ். இந்த முறை யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் விளக்கினார். அதைக் கேட்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜெயந்தி பேனாவைத் திறந்தாள். தாளைப் புருஷனிடம் நீட்டினாள். "சாட்சிக்கு நீ போடு மாமா. படிச்சிட்டுப் போடு."

முருகேசன் எழுத்துக்கூட்டிப் படித்தான். பின்பக்கம் திருப்பினான். அங்கேயே நின்றுவிட்டான்.

"சிஸ்டர்... ஆம்பளைக்கும் ஆபரேஷன் இருக்குதுன்னு போட்டிருக்குதுங்க?"

"இருக்கே! அன்னிக்கே சொன்னனே."

ஜெயந்தி பேனாவை மூடிவிட்டாள்.

"அப்ப நீயும் வூட்டுக்குப் போய் யோசிச்சிட்டுச் சொல்லு மாமா. ஒடம்பு உன்னுது!"