இஸ்தோப்பில் அப்பா சொன்ன படங்கள்

எங்கள் அன்புக்குரிய அப்பா குருவிட்டைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, பெரியம்மா வீட்டில் வளர்ந்தார். தோட்ட வேலைக்குப் பேர் பதிந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அதே தோட்டத்து மலையில்தான் ரப்பர் பால் வெட்டினார். அந்தச் சம்பளத்தில் எங்களைப் படிக்கவும் வைத்தார்.

அவருக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம் பழைய சிரிப்புப் படம். அதுவும் யாரும் கேள்விப்படாத கறுப்பு வெள்ளைப் படங்கள். இரத்தினபுரிக்குப் போனால் ஒரு சீடியாவது இல்லாமல் திரும்பமாட்டார். அம்மா ஏசுவார். "பேரு வாங்குன படத்தத்தான் ஊரே பாக்குதே. இந்தப் பாவப்பட்டவங்கள யாரு பாக்குறது?" என்பார் அப்பா.

ஞாயிறு மாலைகளில் டிவிக்கு முன்னால் நாங்கள் இருப்போம். வெளியே, வாசல் திண்ணையான இஸ்தோப்பில், பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் சிங்கள அயலவர்கள். அவர்களோடு அமர்ந்து அப்பா ஓடும் படத்தின் கதையைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருப்பார். அங்கே சிரிப்பு வெடிக்கும்; திரையிலோ யாராவது சும்மா நடந்து போய்க்கொண்டிருப்பார். "வசனம் கேக்கலப்பா, மெதுவா பேசுங்க!" என்று நாங்கள் கத்துவோம்.

பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்த பின் அப்பாவிடம் பேச்சு இல்லை. சிரிப்பும் போனதுதான் எங்களை வாட்டியது. ஒரு தடவையாவது அவர் சிரிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று, பிடித்த படங்களையெல்லாம் போட்டோம். சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்திருந்தார்.

ஒரு நாள், அப்பாவோடு பால் வெட்டிய, இஸ்தோப்புக்குத் தவறாமல் வரும் சிங்களக் கிராமத்துச் சோமா அக்கா கஞ்சி கொண்டுவந்தார். கல்யாணத்திலிருந்து தப்ப ஒருவன் செத்தவனாக நடிக்கும் படம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, அப்பாவின் காதருகே அதே கதையைச் சிங்களத்தில் சொல்ல ஆரம்பித்தார். செத்த வீட்டில் எல்லோரும் பிளேன்டீ குடிக்கிறார்கள். சீனி போதாது என்கிறார் தோட்டத்துக் கங்காணி. படுத்திருக்கும் பிணம் கண்ணைத் திறக்காமலே சொல்கிறது: "சீனி அலுமாரியில இருக்கு. ஒங்களுக்கு ஒரு கரண்டிதான்!"

அப்பாவின் இடப்பக்க உதடு மேலேறியது. தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அம்மா சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"படத்துல அவன் சும்மா தும்முவான், அவ்வளவுதானே அக்கா?" என்று கேட்டேன்.

"படத்த யாரு பாத்தது? அண்ணன் சொல்றதக் கேக்கத்தானே நாங்க வந்தோம்."

அதன்பின் அப்பா கண்மூடும்வரை சோமா அக்கா வந்து சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா சிரித்தே போனார்.

அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிய லயத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரிக்கு நேரம் பாராமல் ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் நன்றி. சோமா அக்கா, முதலாண்டுத் திதிக்கு வந்தால் சாப்பிட்ட கையோடு போய்விடாதீர்கள். அப்பா சொன்ன படங்களை நாங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

மூத்த மகள்