நாளைக்கு வேலை

போன வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மின்னஞ்சலைத் திறந்தால், செயலிகளை ஏற்றி வைக்கும் இணையக் கடையிலிருந்து ஒரு கடிதம். உங்கள் பெயரில் இருக்கும் டெவலப்பர் கணக்கு நெடுநாளாகப் பயன்பாட்டில் இல்லை, இனியும் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் மூடிவிடுவோம் என்று. பக்கத்து நாற்காலிப் பையன் எட்டிப் பார்த்து, "மேடம், நீங்க ஆப்பெல்லாம் பண்ணியிருக்கீங்களா? என்ன ஆப்?" என்றான். "சும்மா, காலேஜ் முடிச்ச புதுசுல" என்று சொல்லிவிட்டேன். சும்மா. அந்தச் சொல் அன்று சாயங்காலம் வரைக்கும் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

உங்களிடம் சொல்லலாம். அந்தச் செயலியின் பெயர் 'நாளைக்கு வேலை'. நான் தனியாகச் செய்த முதல் செயலி. கடைசிச் செயலியும் அதுதான்.

அதைச் செய்த லேப்டாப் கோயம்புத்தூரில் பழசாக வாங்கியது. கொஞ்சம் சூடானால் கருகிய தூசி வாசனை வரும். எங்கள் வீடு குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில் இருந்தது. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே பதினாறு வீடு, பதினாறு கதவு. ஆடி மழையில் அங்கே உப்பும் நமத்துப்போகும், தீக்குச்சியும் நமத்துப்போகும். லேப்டாப்பைக் கம்பளியில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அதுக்குத் தலையில ஒரு துண்டையும் கட்டி வுடு, சளி புடிச்சுக்கப் போவுது" என்பாள்.

கருகிய தூசியை நினைத்தால் எனக்கு உடனே ஃபேக்டரி வாசனை நினைவுக்கு வந்துவிடுகிறது. வாடிய இலையும் வறுபட்ட தூளும் சேர்ந்த ஒரு மணம். அங்கேயே பிறந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நான் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது தீபாவளி லீவுக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். என்னமோ குறைந்தது. ஜலதோஷம் என்று நினைத்து மூக்கைச் சிந்திக்கூடப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ஃபேக்டரி ஓடவில்லை. தேயிலை விலை விழுந்து விழுந்து, கடைசியில் எஸ்டேட் மேனேஜர் துரை எல்லோரையும் பிரட்டுக் களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிடுகிற இடத்தில், நிற்க வைத்து, "கொஞ்ச நாளைக்கு லீவு" என்று சொன்னாராம். அந்த லீவு முடியவே இல்லை.

எங்கள் லயத்தில் எல்லாம் தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள். கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்விட்டார். எஸ்டேட் மூடியதும் எங்களை எல்லாம் சோற்றுக்கு வழி இல்லாமல் போகாமல் காப்பாற்றியது புஷ்பம் அக்கா. கடைசிக் கதவு அவருடையது. புருஷன் இல்லை, ஒரு மகள். எங்களுக்குக் கீழே ஆலன் கவுடர் என்று, இந்த மலையிலேயே பூர்வீகமாக வாழும் படகர் இனத்துக்காரர் ஒருவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை இருந்தது. அவருக்கு அக்காவைத்தான் பழக்கம். ஆள் வேண்டுமென்றால் சாயங்காலம் போன் பண்ணுவார். அக்கா ஒவ்வொரு கதவாக வந்து, "நாளைக்கு ஆறு பேரு. ஒங்க வூட்டு மொற, வாறியா?" என்று கேட்பார். வீட்டுக்கு ஒரு ஆள், முறை வைத்து. இன்று போன வீடு நாளைக்கு நிற்கும். அக்கா தன் முறையை ஒருநாள்கூட முன்னே தள்ளிக்கொண்டதில்லை. இதே மாதிரி இன்னும் மூன்று நான்கு தோட்டக்காரர்களின் எண்களை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

நான் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிப் போன கம்பெனிகள் எல்லாம் சொல்லியனுப்புகிறோம் என்றன. யாரும் சொல்லியனுப்பவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அப்போது பக்கத்திலேயே இன்னும் இரண்டு எஸ்டேட் மூடிவிட்டிருந்தார்கள். காலையில் ரோட்டில் பார்த்தால் பெண்கள் தோளில் பறிக்கும் பையோடு, எங்கே வேலை என்றே தெரியாமல் நடந்துகொண்டிருப்பார்கள். அம்மாவும் ஒருநாள் கொணவக்கரைப் பக்கம் வரை நடந்து போய், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பப்பட்டு வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய அட்டைகளை உப்பு வைத்து எடுத்துக்கொண்டே, "வேண்டாங்கறத முன்னாடியே சொன்னா நடந்திருக்க மாட்டேன்ல" என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. யாருக்கு ஆள் வேண்டும், எத்தனை பேர் வேண்டும் என்று தெரிந்தால் போதுமே. இது கம்ப்யூட்டர் வேலை என்று நினைத்தேன். இருபத்தொரு வயதில் உலகத்தில் எல்லாமே கம்ப்யூட்டர் வேலையாகத்தான் தெரியும்.

இரண்டு மாதம் ஆனது. லயத்தில் போன் பேசத்தான் சிக்னல், நெட் கிடையாது. ரோட்டுப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தால் கிடைக்கும். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மடியில் லேப்டாப்போடு அங்கேயே இருப்பேன். பஸ் கண்டக்டர், "ஏனுங்க, உங்க புள்ளைக்கு ஆரோ ஆளு இருக்குது போலிருக்குது, பாலத்துலயே காத்துட்டு இருக்குதுங்க" என்று அம்மாவிடமே சொல்லிவிட்டார். செயலிக்கு முகப்புப் படமாக இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பச்சை மிளகாயா என்று கேட்டார்கள்.

பட்டியலில் போட முதலில் சில தோட்டக்காரர்கள் வேண்டும். புஷ்பம் அக்காவிடம் போனேன். போனில் வேலை விவரம் வருகிற மாதிரி ஒன்று செய்கிறேன் என்று சொன்னேன். அவர் நோட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனார். "எழுதிக்க புள்ள. நல்லது நடந்தாச் சரி" என்றார். முதல் பக்கம், முதல் வரி, ஆலன் கவுடர்.

கடைத்தெருவில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. நாசர் அண்ணன் கடை. அப்போது எங்கள் ஆட்கள் யாரும் இணையத்திலிருந்து செயலி இறக்கிப் பழகியதில்லை. நாசர் அண்ணன் பாட்டோடு சேர்த்து என் செயலியையும் ஏற்றிவிட ஒத்துக்கொண்டார். "காசு வேண்டாம் பாப்பா, நம்ம சனத்துக்குத்தானே" என்றார். ஒரு போனில் ஏறியது பஸ்ஸில் போகும்போதே ப்ளூடூத்தில் பக்கத்து சீட்டு போனுக்குத் தாவும். ஒருநாள் அரவேணு பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு அக்கா, "இது இருக்கா ஒங்கிட்ட? வாங்கிக்க, ரொம்ப ஒதவியா இருக்கு" என்று என் செயலியை எனக்கே அனுப்பிவைத்தாள். நான் முதல் தடவை பார்ப்பவள் மாதிரி வாங்கிக்கொண்டேன். அன்று ராஜாத்தி மாதிரி வீடு போய்ச் சேர்ந்தேன்.

அந்த வாரம்தான் அது நடந்தது. சாயங்காலம் புஷ்பம் அக்கா எங்கள் கதவுக்கு வந்தார். "கவுடர் கூப்டாரு. நாளைக்கு ஆறு பேரு. ஒங்க வூட்டு மொற." அம்மா சரி என்றாள். அக்கா அடுத்த கதவுக்குப் போனதும் நான் பாலத்துக்கு ஓடினேன். கவுடர் பெயருக்கு நேரே 'நாளைக்கு ஆறு பேர் வேண்டும்' என்று ஏற்றினேன். அந்த ஆறு பேரும் எங்கள் லயத்தில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது எனக்குத் தெரியும். வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் ஏற்றினேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லை.

காலையில் அம்மா கூடவே நானும் போனேன், போட்டோ எடுக்க. பனி விலகாத நேரம். கவுடர் தோட்டத்துக் கேட்டில் அறுபது பேருக்கு மேல் நின்றார்கள். இரண்டு ஜீப் நிறைய வந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி. கவுடர் கம்பளித் தொப்பியோடு வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க புஷ்பம், நான் ஆறு பேருதானுங்க சொன்னேன். எதுக்கு இத்தன பேரக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நான் கூட்டிட்டு வரலீங்க கவுடரே. ஆருன்னே எனக்குத் தெரியாதுங்க."

ஜீப்பில் வந்த ஒருத்தி முன்னால் வந்தாள். "ஐயா, இவங்களுக்குக் குடுக்குறதுல கொறச்சுக் குடுங்க, நாங்க பறிக்கிறோம்." பின்னாலிருந்து இன்னொருத்தி அதற்கும் கீழே சொன்னாள். கைக்குழந்தைக்காரி, "எனக்குச் சோறு போட்டாப் போதுங்க" என்றாள். அதற்குக் கீழே சொல்ல ஒன்றும் இல்லை.

கவுடர் கெட்ட மனிதர் இல்லை. இலையைப் பறிப்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்று தெரியாமல் இருந்தவர்தான் அவரும். தரையைப் பார்த்துக்கொண்டே, "எலைக்கே வெல இல்லீங்க, நான் என்ன பண்ணட்டும்" என்றார். குறைத்துக் கேட்டவர்களில் ஆறு பேரை உள்ளே விட்டார்.

புஷ்பம் அக்கா ஒரு பெண்ணிடம், "ஒங்களுக்கு ஆரு சொன்னது?" என்று கேட்டார். அவள் போனை நீட்டினாள். அக்காவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். தன் நோட்டின் முதல் வரியை அந்த போனில் படித்தார். பிறகு நிமிர்ந்து, போட்டோ எடுக்கத் தூக்கிய கையோடு நின்றிருந்த என்னைப் பார்த்தார். பறிக்கும் பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினார். மற்ற ஐந்து பேரும் பின்னால் போனார்கள். அவர்களில் ஒருத்தியான அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்றே செயலியை இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டேன், பட்டியலையும் அழித்தேன். எடுத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் போனிலிருந்து போனுக்குத் தாவியவை எங்கே இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யட்டும் என்று, கடைசியாக வந்த பட்டியலை போனிலேயே சேமித்து வைக்கும்படி எழுதியிருந்தேன். அதில் எனக்கு ஒரே பெருமை வேறு. தேதி போடத்தான் மறந்துவிட்டேன். ஒருமுறை பட்டியல் வந்து, அப்புறம் இணையம் கிடைக்காத போன்களில் எல்லாம் ஒவ்வொரு நாளும் 'ஆலன் கவுடர், நாளைக்கு ஆறு பேர் வேண்டும்' என்றே இருந்தது. மறுநாள் ஆட்கள் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். இல்லை என்று சொல்லியே கவுடருக்குத் தொண்டை கட்டிவிட்டது. போனில் என்னிடம், "பாப்பா, உங்க கால்ல வேணும்னாலும் உழறனுங்க, அத நிறுத்துங்க" என்றார். அப்பா வயது அவருக்கு.

பஸ் ஸ்டாப்பில் நின்று பையோடு வருகிறவர்களிடம் எல்லாம் கெஞ்சினேன். "அக்கா, அதை அழிச்சிடுங்க, அதுல இருக்கறது நிசமில்ல." ஒரு அம்மாள் போனை முந்தானைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு, "ஏன், நீ மட்டும் போய் பறிக்கவா?" என்றாள். நான்தான் அதைச் செய்தேன் என்று சொன்னேன். நம்பவில்லை. என்னைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை போலிருக்கிறது. நாசர் அண்ணன் தன் கடையில் இருந்ததை அழித்துவிட்டார். அவரிடமிருந்து போனவற்றை யாரால் அழிக்க முடியும்?

கவுடர் எண்ணை மாற்றிவிட்டார். நோட்டில் இருந்த மற்றவர்களும் தங்கள் கேட்டிலும் கூட்டம் வந்துவிடுமோ என்று பயந்து, புஷ்பம் அக்கா கூப்பிட்டால் எடுப்பதில்லை. கொஞ்ச நாளில் கவுடர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார். இடுப்பளவு இருந்த செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்தன.

புஷ்பம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்பினார், பனியன் கம்பெனிக்கு. வேனில் பாத்திர மூட்டையை ஏற்றும்போது நான் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன், மூட்டையின் ஒரு முனையைத்தான் பிடித்தேன். அவரே என் கன்னத்தைத் தொட்டார். "நான் நம்ம லயத்துக்குன்னு நெனச்சேன் புள்ள" என்றார். அவ்வளவுதான். வேன் வளைவில் திரும்பியபோது அவர் மகள் மட்டும் கையாட்டினாள்.

ஒன்றன்பின் ஒன்றாக எல்லா வீடும் காலியானது. எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குக் கோத்தகிரி போனவர்கள் வழியில் இறங்கிப் பார்த்தோம். லயத்தை இடித்துத் தள்ளி மட்டமாக்கி, மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். அம்மா நடந்துகொண்டே எது யார் வாசல் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசி வாசல் இருந்த இடத்தில் நின்றாள்.

"நீ கடசி வருஷம் படிக்கையில பீஸு கட்ட வழியில்லாம இருந்துச்சுல்ல. அந்த வருஷம் பூரா மொற பாக்காம தெனமும் நம்ம வூட்டுக்கு ஒரு எடம் வுட்டாங்க. புஷ்பந்தான் எல்லாருகிட்டயும் போய் நின்னுச்சு. புள்ள பரீட்ச எழுதட்டும்னு. பதினஞ்சு வூடும் சரின்னுச்சு."

"ஏம்மா யாருமே எங்கிட்டச் சொல்லல?"

"இதெல்லாமா சொல்லுவாங்க?" என்றாள் அம்மா.

அங்கேயே நின்று புஷ்பம் அக்காவின் எண்ணைக் கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்து, ராங் நம்பர் என்றார்கள். அந்தப் பதினைந்து வீட்டுக்காரர்களும் இப்போது திருப்பூரிலும் பல்லடத்திலும் எந்தெந்தத் தெருவிலோ இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எண்கூட என்னிடம் இல்லை.