அந்தோணியின் குரல்

வீணை, எலக்ட்ரிக் கிட்டார், தூத்துக்குடி கடற்கரையில் பதிவு செய்த சத்தங்கள், இவற்றைக் கலந்து இசையமைப்பவன் நான். வலை இழுக்கும்போது அந்தோணி என்ற மீனவர் போட்ட கூப்பாட்டைப் பதிவு செய்து, சுருதிக்குப் பொருந்த மாற்றி ஒரு பாடலில் சேர்த்திருந்தேன். அடுத்த மாதம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, அவிய சத்தம் ஒங்ககிட்ட இருக்காமே. ஒரு தடவ போடுங்க."

போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"இது அவிய சத்தம் இல்லியே."

மாற்றாத பதிவு, பழுதான ஹார்ட் டிஸ்க்கோடு போய்விட்டிருந்தது. தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

"இன்னொரு தடவ போடுங்க. உள்ள எங்கனயாவது இருப்பாவ."

பொழுது சாயும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கணவர் அதில் எங்குமே அகப்படவில்லை.

அந்தக் குரலை அழகாக்கினேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.