ஐம்பதாவது மணி நேரத்து எண்ணெய்

போன சனிக்கிழமை காலை, முந்திரித் தோப்பைச் சுற்றி இருபத்துநான்கு நிமிஷம் சும்மா டிராக்டர் ஓட்டினேன். உழவு இல்லை, சுமை இல்லை. வெறும் ஓட்டம்.

காரணம் இருக்கிறது. மணி நேரம் காட்டும் மீட்டரில் 49.6 என்று இருந்தது. புது வண்டிக்கு முதல் சர்வீஸ் ஐம்பது மணி நேரத்தில். மெக்கானிக் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஐம்பது என்றால் ஐம்பது — அதென்ன 49.6?

வேலியோரம் நின்ற என் அண்ணன் சவரி கையைத் தட்டி நிறுத்தினார்.

"எம்மா பிலோ, இன்னாத்துக்குச் செக்கு மாடாட்டம் சுத்திகினு இருக்கிற?"

"இன்னும் இருபது நிமிஷம் ஓடணும்ண்ணே. அப்பதான் அம்பது ஆவும்."

 அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், 'உன்னைத் திருத்த முடியாது' என்பது.

இந்த இதழில் என் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் டிராக்டரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக... இருபத்துநான்கு ஹெச்.பி. சின்ன டிராக்டர். அகலம் குறைவு, உயரம் குறைவு. பெரிய டிராக்டர் போனால் கிளையெல்லாம் ஒடியும் முந்திரித் தோப்பில், இது பூனை மாதிரி உள்ளே போய் வெளியே வரும். வடக்குத்து கிராமத்தில் எனக்கும் அண்ணனுக்கும் அடுத்தடுத்து நிலம். எனக்கு முந்திரி, அவருக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. வண்டி நிற்பது அண்ணன் வீட்டுக் கொட்டகையில். சாவி இருப்பது நான் குடியிருக்கும் டவுன்ஷிப்பில், என் கைப்பையில். ஓட்டுவது நான். ஆமாம், நானேதான். மூன்று மாதத்தில் ரிவர்ஸில் டிரெய்லர் தள்ளும் அளவுக்கு வந்துவிட்டேன். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது மைன்ஸ் ஸ்டோர்ஸில், சுரங்கத்தின் உதிரிபாகக் கிடங்கில். இருபத்தாறு வருஷம். ஃபில்டர், பேரிங், ஆயில் சீல், ரப்பர் ரிங் — எந்த ரேக்கில் எத்தனை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதே பழக்கத்தில் டிராக்டருக்கும் ஒரு டைரி. வாரா வாரம் சனிக்கிழமை அளவுக் குச்சியை உருவி எண்ணெயைப் பார்ப்பேன். ஆறு அங்குல ஸ்கேல் வைத்து அளந்து, மில்லிமீட்டரில் எழுதுவேன். பிறகு வண்டியைக் கழுவுவேன். இதுவரை ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

மெக்கானிக் குமரவேல் பண்ருட்டியிலிருந்து சரியாகப் பத்து மணிக்கு அண்ணன் வீட்டுக் கொட்டகைக்கு வந்தார். மீட்டரைப் பார்த்தார். 50.0.

"எப்படி மேடம் இப்படிக் கரெக்டா?"

"ஓட்டிக் கொண்டுவந்தாங்க" என்றார் அண்ணன். "காலையிலேர்ந்து இதான் வேலை."

எண்ணெய் சூடாக இருந்தால்தான் அடியில் படிந்த கசடோடு முழுசாக இறங்கும் என்று குமரவேல் சொன்னார். ஆக, என் இருபத்துநான்கு நிமிஷமும் வீணில்லை. அண்ணனை ஒரு பார்வை பார்த்தேன்.

அவர் விடுவாரா?

"புது வண்டி. அம்பது மணி நேரத்துக்கே எண்ணெய மாத்தணுமா? பொறந்த கொழந்தைக்கு மறுநாளே பல்லு புடுங்கற கதையா இருக்குதே."

குமரவேல் இன்ஜினுக்கு அடியில் தட்டை வைத்து, போல்ட்டைக் கழற்றினார். கறுப்பாக இறங்கியது எண்ணெய். கழற்றிய போல்ட்டின் முனையில் ஒரு காந்தம். அதில் பூனை மயிர் மாதிரி மெல்லிய இரும்புத் தூள் ஒட்டியிருந்தது.

"இதாங்க விஷயம். புது கியரு, புது ரிங்கு, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு தேஞ்சு சேர்ற காலம். அந்தத் தூளு எண்ணெயிலதான் சுத்திகினு இருக்கும். அதை மொதல்ல வெளிய எடுத்துட்டா அப்புறம் வருஷக்கணக்குல ஓடும். புதுசுலதான் சீக்கிரம் மாத்தணும், பழசுல இல்ல."

அண்ணன் காந்தத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அண்ணன் தோற்றதற்கு அவ்வளவுதான் அடையாளம். எனக்கு அது போதும்.

அடுத்தது பின்பக்கம். இந்தச் சின்ன டிராக்டர்களில் பின்னால் ஒரே எண்ணெய்தான். கியருக்கும் அதுவே, கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக்குக்கும் அதுவே. குமரவேல் பெரிய டப்பாவை வைத்துத் திறந்தார்.

டீ இறங்கியது.

நிஜமாகவே டீ... பால் தூக்கலாகப் போட்ட டீயின் நிறம். தேன் மாதிரி இருக்க வேண்டிய எண்ணெய், நுரையோடு கொழகொழவென்று டப்பாவில் விழுந்தது.

"தண்ணி பூந்திருக்கு" என்றார் குமரவேல்.

அவ்வளவுதான் சொன்னார். மற்றதை நான் சொன்னேன்.

இங்கே ஒரு விவரம். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அண்ணனிடம் சாவி கொடுத்திருந்தேன். ஆடிப்பட்டத்துக்கு மல்லாட்டை விதைக்க ஒரு சால் ஓட்டி வைக்கிறேன் என்று கேட்டிருந்தார். பாதி ஓட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் ஏற்றி வர வேண்டாம் என்று வண்டியை நிலத்திலேயே நிறுத்திவிட்டு, மறுநாள்தான் கொண்டுவந்தார். டைரியில் இருக்கிறது.

அந்த டைரியைத்தான் எடுத்தேன். எடுத்தது மட்டுமில்லை — படித்தேன். சத்தமாக.

"செவ்வாய். சாவி அண்ணனிடம். கனமழை. வண்டி திறந்தவெளியில்."

அண்ணன் என்னைப் பார்த்தார். குமரவேலைப் பார்த்தார்.

"நான் தண்ணியில எறக்கலம்மா. மேட்டுலதான் நிறுத்தினேன்."

"அப்ப எப்படிண்ணே உள்ள போச்சு? அன்னிக்கு ஒரு நாள்தானே என் கையில இல்லாம இருந்துச்சு?"

என்ன குரலில் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். ஸ்டோர்ஸில் பொருள் குறைந்தால் கான்ட்ராக்ட் ஆளிடம் கேட்கும் குரல்.

அண்ணன் டப்பாவைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

"முத்தாண்டிக்குப்பத்துல வாடகை வண்டிக்குச் சொல்லிக்கிறேன். ஈரம் காயறதுக்குள்ள வெதைக்கணும். உன் வண்டி உன்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்."

போய்விட்டார்.

உழவு சமயத்தில் வாடகை வண்டி சொன்னவுடனே வருமா? நாலு நாள் கழித்து வரும். இன்னும் நாலு நாள் வெயிலில் செம்மண்ணில் என்ன ஈரம் மிஞ்சும்? அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துதான் போனார்.

குமரவேல் தலையைத் தூக்காமல் வேலையைப் பார்த்தார். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் அளவுக் குச்சியின் மூடியைத் தொட்டவர், நின்றார். இரண்டு விரலால் லேசாகத் திருப்பினார். கழன்று வந்துவிட்டது.

"இது டைட்டாவே இல்லீங்களே. ரப்பர் ரிங்கு மடிஞ்சு வெளிய நிக்குது, பாருங்க. யாரு தொறப்பாங்க இதை?"

"நான்தான். வாரா வாரம்."

"தொறந்து?"

"அளவு பார்ப்பேன். ரொம்ப முறுக்கினா மரை போயிடும்னு கையால லேசா வெச்சு மூடிடுவேன். அப்புறம் வண்டியைக் கழுவுவேன்."

"எதால?"

கொட்டகை மூலையைக் காட்டினேன். ஆன்லைனில் வாங்கிய பிரஷர் வாஷர். துப்பாக்கி மாதிரி பிடித்து அடித்தால் சேறு தெறித்து ஓடும். சீட்டுக்குக் கீழேதான் சேறு அதிகம் சேரும். அதனால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் அடிப்பேன்.

குமரவேல் என் கையிலிருந்த டைரியைப் பார்த்தார். "அளவு எழுதி வெச்சிருக்கீங்களா மேடம்?"

நீட்டினேன். இந்த மாதிரி நேரத்துக்குத்தானே எழுதுவது?

முதல் ஆறு வாரம் 42 மி.மீ. ஏழாவது வாரம் 43. ஒன்பதாவது வாரம் 45. பன்னிரண்டாவது வாரம் 48. அது போன சனிக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை. மழை பெய்த செவ்வாய்க்கு மூன்று நாள் முன்னால். 48-க்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: "எண்ணெய் குறையவே இல்லை. அருமையான வண்டி."

குமரவேல் அதைப் படித்தார். சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

"எண்ணெய் ஏறுமா மேடம்? உள்ள குட்டியா போடும்?"

ஸ்டோர்ஸில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள் — இருப்பு குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. இரண்டில் கூடுவதுதான் மோசம், எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. இருபத்தாறு வருஷம் அதை மற்றவர்களுக்குச் சொன்னவள் நான். என் வண்டியில் ஆறு மி.மீ. கூடியிருக்கிறது. நான் 'அருமை' என்று எழுதியிருக்கிறேன். அளவை மில்லிமீட்டரில் பார்த்தேன். நிறத்தைப் பார்க்கவே இல்லை.

ரப்பர் ரிங் என்ற வார்த்தையை ஆயிரம் முறை எழுதியிருப்பேன். அது எங்கே உட்கார்ந்து என்ன வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குள் லூர்து அண்ணி மோர் கொண்டுவந்தார்.  டம்ளரை வைத்துவிட்டுப் போகும்போது சொன்னார்.

"அன்னிக்கு மழையில அந்தத் தார்பாய வண்டி மேல போத்திட்டு, இவரு தொப்பலா நனஞ்சிகினே வூட்டுக்கு வந்தாரு. ரெண்டு நாளு தும்மல்."

இது டைரியில் இல்லை. ஏன் இல்லை? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

எழுதி வைப்பவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. எழுதினதுதான் நடந்தது என்று நினைப்போம். எழுதாமல் விட்டதில் எத்தனை நடந்திருக்கிறதோ... யார் கண்டது?

குமரவேல் கொண்டுவந்திருந்த எண்ணெயை ஊற்றி, கால் மணி நேரம் வண்டியை ஓட விட்டு, கலப்பையை ஏற்றி இறக்கி, அதையும் வடித்தார். உள்ளே ஒட்டியிருந்த தண்ணீர் அதோடு வந்துவிட்டது. பண்ருட்டிக்குப் போன் செய்து இன்னொரு முறை ஊற்றவும் எண்ணெய் வரவழைத்தார். புது ஃபில்டர். புது ரப்பர் ரிங். மூடியை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று என் கையைக்கொண்டே முறுக்க வைத்தார்.

"இதை அப்படியே ஓட்டியிருந்தா அடுத்த சர்வீஸுக்குள்ள பேரிங்கெல்லாம் துரு புடிச்சிருக்கும். நல்ல வேளை, அம்பதுலயே தொறந்தோம்."

என் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தப்பு செய்தவளும் நான். சொன்ன நேரத்தில் திறக்க வைத்துக் கண்டுபிடிக்க வைத்தவளும் நான். இரண்டையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குமரவேல் கிளம்பும் முன் அவரிடம் சொன்னேன். "காலையில அண்ணனைப் பத்திப் படிச்சேன் இல்லையா, அது தப்பு. தண்ணி விட்டது நான்தான்." அண்ணனைக் குற்றம் சொன்னது அவர் முன்னால். அப்படியானால் திருத்துவதும் அவர் முன்னால்தானே முறை?

பிறகு அண்ணனைத் தேடிப் போனேன். நிலத்தில் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். போன் பக்கத்தில் கிடந்தது. வாடகை வண்டி புதன்கிழமைக்கு முன்னால் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"அண்ணே, தண்ணி நான் உட்டது. கழுவும்போது உள்ள போயிருக்கு. ஆறு வாரமா போயிருக்கு."

அவர் நிமிரவில்லை. ஒரு கல்லை வரப்புக்கு வெளியே வீசினார்.

"டைரில எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"பேனாவுலயா, பென்சில்லயா?"

"பேனாவுலதான்."

"உன் பேரு போட்டா?"

"முழுப் பேரு. பிலோமினா."

இன்னும் இரண்டு கல். பிறகு நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு யாரு வேணா செய்வாங்க. அந்த மெக்கானிக்கு முன்னால படிச்ச பாரு... அதான்."

"அவரு முன்னாலயே சொல்லிட்டேண்ணே."

 வண்டியின் இரண்டாவது சாவியை நீட்டினேன். கடையில் கொடுத்த அன்றைக்கே கவரில் போட்டு, தேதி எழுதி ஒட்டி, பீரோவில் பூட்டி வைத்திருந்தது. காலையில் சர்வீஸ் புத்தகத்தோடு சேர்த்து எடுத்து வந்திருந்தேன். கவரைக்கூடப் பிரித்ததில்லை.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். கேட்டுக்க வேணாம்."

கவரில் இருந்த தேதியைப் படித்தார். சிரித்தார். கவரைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சாவியை இடுப்பில் செருகினார்.

ஞாயிறு காலை பூசை முடிந்து நான் வடக்குத்துக்குப் போனபோது, அண்ணன் பாதி நிலத்தை உழுது முடித்திருந்தார். விதைக்கப் போதுமான ஈரம் இன்னும் இருந்தது. கலப்பை ஏறி இறங்குவதில் ஒரு தயக்கம் இல்லை. புது எண்ணெயின் சத்தம் எனக்குத் தெரியும் — அதாவது, சத்தமே இல்லை. வேலியோரம் நின்று பார்த்தேன். என் வண்டியை இன்னொருவர் ஓட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் ஓட்டும்போது அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லையே.

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நிறுத்தி, "யாருது சவரி இந்த வண்டி?" என்று கேட்டார்.

அண்ணன் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார்.

"எங்க வூட்டு வண்டி. தங்கச்சிதான் எல்லாம் பார்த்துக்குது. கழுவறதுக்கு மட்டும் அதைக் கிட்ட உடறதில்ல."